காந்தம் வைத்துப் பார்த்தாயா?

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – இயற்பியல்)

அஞ்சல் தலை சேர்ப்பவர்கள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். பழைய நாணயங்கள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தீப்பெட்டிப் படங்களை ஒட்டி ஒட்டியே மூன்று நோட்டுகளை நிரப்பிய நண்பர் ஒருவர் என் வகுப்பிலேயே இருக்கிறார். அவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள்.

"1982ஆம் ஆண்டிலேயே இறந்துபோன ஓர் அமெரிக்கக் கிடார்க் கலைஞனின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிச் சேர்த்து என்ன காணப் போகிறாய்?"

விடுதி நண்பர்கள் கேட்டார்கள். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். என் தாயும் கேட்டுவிட்டாள். ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு அறிவிப்பு வந்தபோது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே விடையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த விடையைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

பெட்டி வந்த கதை

என் தந்தையார் பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார். மூட்டை மூட்டையாக வந்து விழும் பழம்பொருள்களைப் பிரித்து, இரும்பு தனி, பித்தளை தனி, அலுமினியம் தனி, பிளாஸ்டிக் தனி என்று ஒதுக்குவது அவர் தொழில். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில், ஒரு நாள் மாலை அவர் ஓர் அட்டைப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். யாரோ வீட்டைக் காலி செய்தபோது எடைக்குப் போட்டுவிட்டுப் போனது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக் கேசட்டுகள். கூடவே ஒரு பழைய டேப் ரெக்கார்டர்.

"எடைக்குப் போட்டா ஒண்ணும் தேறாது கண்ணு. நீதான் கரண்டு சாமானெல்லாம் நோண்டுவியே. மொதலாளிகிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தாந்தேன். வச்சுக்க" என்றார்.

டேப் ரெக்கார்டர் ஓடவில்லை. திருப்புளியால் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தார்போல உருகிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேறொரு பெல்ட் வாங்கி மாட்டினேன். நாடா உரசிச் செல்லும் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். தளர்ந்திருந்த நாடாக்களைப் பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கினேன். நான்காம் நாள் பாட்டு வந்தது.

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் திரைப்படப் பாடல்களும் பக்திப் பாடல்களும். ஒன்று மட்டும் ஆங்கிலக் கேசட். அதன் அட்டைப் படம் என்னை நிறுத்தியது. மேடையில் ஒருவர், கிடார் வாசித்துக்கொண்டிருக்கும் ஒல்லியான இளைஞன் ஒருவனை அப்படியே தூக்கிப் பிடித்திருக்கிறார். திருவிழாக் கூட்டத்தில் தேர் தெரியவில்லை என்று அழுத பிள்ளையைத் தகப்பன் தூக்கிக் காட்டுவானே, அதுபோல. தூக்கியவர் ஆஸி ஆஸ்பர்ன். அந்த இளைஞன் ராண்டி ரோட்ஸ். 1987இல் வெளியான 'டிரிப்யூட்' என்ற தொகுப்பு அது. இளைஞன் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து அவன் நினைவாக வெளியிட்டது.

ஓட விட்டேன். ஹெவி மெட்டல் என்னும் இசைவகை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. 1970ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் வேர்விட்ட வகை. மின்கிடாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, முரசொலியோடு சேர்த்து இடிபோல இறக்குவார்கள். சமையற்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "ஏண்டா, உங்கப்பன் இரும்புக் கடையை வீட்டுக்கே கொண்டாந்துட்டானா?" என்றாள். அந்த இசையின் பெயரே 'கன உலோகம்' என்று பொருள்படும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் கேசட் முடியும்வரை விட்டு வைத்திருந்தேன். கடைசியாக வந்தது வேறொன்று. இடியும் இல்லை, முழக்கமும் இல்லை. தனியாக ஒரு கிடார், மென்மையாக ஒரு சிறு மெட்டை வாசித்தது. நடுவில் தடுக்கியது, நின்றது. வாசித்தவர் ஒலிப்பதிவு செய்பவரோடு ஏதோ பேசினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் ஓரிடத்தில் தடுக்கியது. மறுபடியும் தொடங்கினார்.

பள்ளிப் பருவம் முழுவதும், தடுக்கினால் அடி, தவறினால் சிரிப்பு என்று பழகியவன் நான். ஒரு பெரிய கலைஞன் தவறு செய்வதைத் தன் காதால் கேட்பது எனக்கு அதுவே முதல் முறை. அன்றிரவு அந்தப் பகுதியை மட்டும் எத்தனை முறை பின்னோட்டிக் கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை.

யார் இந்த ராண்டி?

ராண்டி ரோட்ஸ் 1956 டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான்டா மோனிகாவில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றுவிட்டார். தாயார் டெலோரஸ் இசையாசிரியை. நார்த் ஹாலிவுட்டில் 'மியூசோனியா' என்ற இசைப்பள்ளியை நடத்தி மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். அந்தப் பள்ளியிலேயே கற்று, பின்னர் அங்கேயே கிடார் ஆசிரியராகவும் இருந்தவர் ராண்டி.

இளம் வயதில் நண்பர்களோடு 'குவயட் ரயட்' என்ற குழுவைத் தொடங்கினார். அவர் வாசித்த காலத்தில் அக்குழு வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளும் ஜப்பானில் மட்டுமே வெளியாயின. சொந்த நாட்டில் அவற்றை வெளியிட யாரும் முன்வரவில்லை. 1979இல் ஆஸி ஆஸ்பர்ன் குழுவில் சேர்ந்தார். பிளாக் சாபத் குழுவிலிருந்து நீக்கப்பட்டுத் தனியே நின்ற பாடகர் அவர். 2025 ஜூலையில் மறைந்தார். இருவரும் சேர்ந்து தந்தவை 'பிளிசார்ட் ஆஃப் ஆஸ்' (1980), 'டைரி ஆஃப் எ மேட்மேன்' (1981) என்னும் இரண்டே தொகுப்புகள். இரண்டும் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ரிட்ஜ் ஃபார்ம் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை. முதல் தொகுப்பில் 'டீ' என்று ஒரு சிறு தனிக்கிடார் இசை உண்டு. ஒரு நிமிடம்கூட நீளாது. தாயின் பெயரைச் சுருக்கி அவருக்கே காணிக்கையாக்கியது. என் கேசட்டின் கடைசியில் நான் கேட்டது அந்த ஒரு நிமிட இசைக்காக அவர் எடுத்த முயற்சிகளைத்தான்!

அவரைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் தொட்டது இது: பெயரும் புகழும் வந்த பிறகும் அவர் மாணவராகவே இருந்தார். ஊர் ஊராக நிகழ்ச்சிக்குப் போகும்போது, போன ஊரின் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அங்கே செவ்வியல் கிடார் கற்பிக்கும் ஆசிரியர் யாரென்று தேடி, காசு கொடுத்துப் பாடம் கேட்பாராம். இரவில் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்யும் மேடை. பகலில் முன்பின் தெரியாத ஆசிரியர் முன்னால் மாணவனின் நாற்காலி. செவ்வியல் கிடாரில் முறையாகப் படித்துப் பட்டம் பெற வேண்டும் என்பது அவர் ஆசை. குழுவை விட்டு விலகிப் படிக்கப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டம் கிட்டவில்லை. 1982 மார்ச் 18 அன்று டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் வாசித்தார். மறுநாள், மார்ச் 19 அன்று, புளோரிடாவின் லீஸ்பர்க் அருகே சிறிய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த மூவரும் இறந்தனர். மூவரில் ஒருவர் ராண்டி. வயது 25.

நகலின் நகல்

இளமையில் இறந்தவர் விட்டுச்சென்றது கொஞ்சம். கொஞ்சமாக இருப்பதால்தான் தேடல் பெரிதாகிறது. ஜப்பானில் வெளியான அந்த இரண்டு இசைத்தட்டுகள், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எடுக்கப்பட்ட பதிவுகள், 1980 முதல் 1982 வரை அவர் வாசித்த அரங்குகளில் கூட்டத்தோடு உட்கார்ந்து யாரோ சிறு கருவியில் பதிந்து வைத்தவை என்று இவற்றைத்தான் உலகெங்கும் சிலர் சேர்த்து வருகிறார்கள். அரங்கப் பதிவுகளில் இருமல் கேட்கும், கைதட்டல் கேட்கும், பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் கேட்கும். ஆனாலும் அவற்றுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் ராண்டி தம் தனிவாசிப்பை ஒருமுறை வாசித்துவிட்டு, அதன்மேலேயே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பிசகாமல் வாசித்து அடுக்குவார். மேடையில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே இருப்பது ஒரே மனிதன், இரண்டே கைகள். அந்தக் கைகள் தனியாக என்ன செய்தன என்பதை அரங்கப் பதிவுதான் சொல்லும்.

இந்தச் சேகரிப்பாளர்களிடையே அந்நாளிலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. பதிவை விற்கக் கூடாது; மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர், வெற்றுக் கேசட்டும் திரும்பி அனுப்ப அஞ்சல் செலவும் அனுப்பினால் போதும். இன்று கணினி வழியே வந்தாலும் அந்த வழக்கம் மாறவில்லை. எனக்கு முதல் பதிவைக் கொடுத்தவர் நான் நேரில் பார்த்திராத ஓர் அயல்நாட்டு முதியவர். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது எந்த நகல் என்பதை மறக்காமல் எழுதி வை."

ஏன் அப்படிக் கேட்டார் என்பதை இயற்பியல் மாணவனாகிய நான் பிறகுதான் உணர்ந்தேன். கேசட்டின் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் காந்தமாகி ஒலியைத் தாங்குகின்றன. ஒவ்வொரு நாடாவுக்கும் இயல்பாகவே ஓர் இரைச்சல் உண்டு. நகல் எடுக்கும்போது பழைய நாடாவின் இரைச்சலோடு புதிய நாடாவின் இரைச்சலும் சேர்கிறது. இரண்டும் சம அளவென்றால் இரைச்சலின் திறன் இரட்டிப்பாகி 3 டெசிபல் ஏறுகிறது. மேல் அதிர்வெண்கள் மங்குகின்றன. நகல் எடுத்த கருவி சற்று வேகம் பிசகினால் சுருதியே மாறிவிடும். 6 விழுக்காடு வேகம் கூடினால் ஏறத்தாழ அரைச் சுரம் ஏறிவிடும். ஆகவே முதல் நகலா, ஐந்தாம் நகலா என்பது வீண் ஆராய்ச்சி அல்ல. மூலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற கணக்கு அது.

கருவி செய்யும் மாற்றம் ஒருபுறம் இருக்க, மனிதர் செய்யும் மாற்றமும் உண்டு. குவயட் ரயட் குழுவின் பழைய பதிவுகளை 1993இல் மறுபடி வெளியிட்டபோது, பாடகர் தம் குரலைப் புதிதாகப் பாடிச் சேர்த்தார். அதைவிடப் பெரிய மாற்றம் 2002இல் நடந்தது. ஆஸி ஆஸ்பர்னின் முதல் இரண்டு தொகுப்புகளிலும் பேஸ் கிடார் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி. டிரம்ஸ் வாசித்தவர் லீ கெர்ஸ்லேக். பெயருக்கும் ஊதியத்துக்கும் உரிமை கேட்டு அவர்கள் வழக்குத் தொடுத்திருந்தனர். 2002ஆம் ஆண்டு மறுபதிப்பில் அவ்விருவரின் வாசிப்பையும் நீக்கிவிட்டு, வேறு இருவரை வாசிக்க வைத்துச் சேர்த்துவிட்டார்கள். ராண்டி எவரோடு சேர்ந்து வாசித்தாரோ, அவர்கள் அந்தப் பாட்டிலேயே இல்லாமல் போனார்கள். கேட்டவர்கள் பொறுக்கவில்லை. 2011இல் பழைய வாசிப்பையே மீட்டு மறுபடி வெளியிட்டார்கள். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில், பழைய தட்டையும் கேசட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களிடமே உண்மையான பாட்டு இருந்தது.

இதை அறிந்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. முதலாண்டில் கூட்டு ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 9.2 என்று வந்தது. அழிப்பானால் அழித்துவிட்டு, 9.8 வரும்படி அளவுகளை மாற்றி எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். என்னைப் போல எத்தனை பேரோ! பழைய வாசிப்பை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்தவர்கள் மீது எனக்கு வந்த கோபத்தில் பாதி என் பதிவேட்டின் மேலேயே விழுந்தது.

என் தவறு

இனி அந்தத் தவறு. சென்ற ஆண்டு மூன்றாம் பருவம். முதலாண்டுக் கணிதத் தாள் ஒன்று எனக்கு நிலுவையில் இருந்தது. அதற்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் கட்ட அப்பா 1,450 ரூபாய் கொடுத்திருந்தார். கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரத்தில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார். நாக்ஸ்வில் நகரில் ராண்டி கடைசியாக வாசித்த நிகழ்ச்சியின் பதிவு, உலகில் யாரும் கேட்டிராதது, தம்மிடம் இருக்கிறது என்றார். விலை 1,200 ரூபாய். வேறொருவர் கேட்டுக்கொண்டிருப்பதால் அன்றே பணம் வேண்டும் என்றார். விற்கக் கூடாது என்ற வழக்கத்தை அறிந்தவன் நான். விற்க வந்தபோதே விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. இறப்பதற்கு முந்தைய நாள் அவர் எப்படி வாசித்தார் என்று கேட்கும் ஆசையும், உலகில் யாரிடமும் இல்லாதது இந்த இரும்புக் கடைக்காரன் மகனிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் ஆசையும் சேர்ந்து என் கண்ணை மறைத்தன. பணத்தை அனுப்பிவிட்டேன்.

பதிவு வந்தது. இரைச்சல் நிறைந்து, சற்று அவசரமாக ஓடுவது போல இருந்தது. முதலில் மெய்ம்மறந்து கேட்டேன். மூன்றாம் முறை கேட்கும்போது ஏதோ உறுத்தியது. சுருதி அரைச் சுரம் அளவுக்கு ஏறியிருந்தது. கணினியில் போட்டு வேகத்தைக் குறைத்தேன். என் கேசட்டில் இருந்த 'மிஸ்டர் கிரவுலி' பாட்டின் வாசிப்போடு அச்சாகப் பொருந்தியது. ராண்டி தம் வாசிப்பை மேடைக்கு மேடை அதிகம் மாற்றாதவர். ஆகவே அதை வைத்து முடிவு செய்ய முடியாது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பிறகு கூட்டத்தின் ஒலியைக் கவனித்தேன். பாட்டு முடியும் தறுவாயில் யாரோ ஒருவர் கத்துகிறார். என் கேசட்டிலும் அதே குரல், அதே நொடியில்! ஒரு கலைஞன் ஒரே மெட்டை இரண்டு ஊர்களில் ஒரே மாதிரி வாசிக்கலாம். முகம் தெரியாத ஒரு ரசிகன் இரண்டு ஊர்களில் ஒரே நொடியில் ஒரே மாதிரி கத்த முடியுமா?

அலைமாலையை வரைந்து பார்த்தேன். 16,000 ஹெர்ட்சுக்கு மேல் கத்தியால் அறுத்தாற்போல வெறுமை. குறைந்த தரத்தில் சுருக்கிய கணினிக் கோப்புகளில் காணப்படும் அடையாளம் அது. ஐயம் தீர்ந்தது. 'டிரிப்யூட்' தொகுப்பின் பெரும்பகுதி 1981 மே 11 அன்று ஓகியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பதிவானது. எவரும் கடையில் வாங்கக்கூடிய அந்தப் பதிவையே வேகம் கூட்டி, இரைச்சல் கலந்து, நாக்ஸ்வில் என்று பெயர் மாற்றி எனக்கு விற்றிருக்கிறார். என் பெட்டியில் ஏற்கெனவே இருந்ததை நான் 1,200 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன்.

இரண்டு நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்கே போனேன். அப்பா மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடுப்புக் கயிற்றில் தொங்கிய காந்தத்தை எடுத்தார். உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து அவரே கழற்றி வைத்துக்கொண்ட வட்டக் காந்தம் அது. குவியலில் பளபளவென்று கிடந்த ஒரு குழாயின்மேல் வைத்தார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

"பித்தளைன்னு குடுத்துட்டுப் போனான். மேல பூச்சு, உள்ள இரும்பு. சேந்த புதுசுல நானும் இப்படி ஏமாந்து மொதலாளிகிட்டப் பேச்சு வாங்கியிருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ காந்தம் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. காசு குடுத்ததுக்கு அப்புறம்."

"அதான் தப்பு. ஏமாத்துனவன் தப்பு வேற. அவசரப்பட்டது உன் தப்பு." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "பரிச்சைப் பணம் உங்கம்மா சீட்டு எடுத்துக் குடுத்தது. இன்னொரு தடவ அவகிட்டக் கேக்க முடியாது. ஞாயித்துக்கெழமை வந்து மூட்டை பிரி."

பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளோடு கல்லூரி விடுமுறை நாள்களும் சேர்ந்து ஏழு நாள். கையில் இரண்டு இடத்தில் தகரம் கிழித்தது. அபராதத்தோடு கட்டணம் கட்டிய இரசீதை இன்றும் வைத்திருக்கிறேன். என் சேகரிப்பில் அதுவும் ஒன்று.

கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவு, விடை வராத கணக்கொன்றை மூன்று முறை அடித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் போனேன். பழக்கத்தில் கை டேப் ரெக்கார்டரை அழுத்தியது. 'டீ' ஓடியது. தடுக்கியது. அவர் மறுபடி தொடங்கினார். நானும் நான்காம் முறை தொடங்கினேன். அந்தக் கணக்கு தேர்வில் வரவில்லை. ஆனால் 52 மதிப்பெண் வந்தது.

பதிவேடு

இந்தக் கதையை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னேன். கூட்டு ஊசல் கதையையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். சினம் கொள்வார் என்று பயந்தேன். "9.2 வந்தால் 9.2 என்றுதான் எழுதணும். ஏன் குறைஞ்சதுன்னு தேடுறதுதாம்ப்பா இயற்பியல். உன் கேசட்டுக்கெல்லாம் ஒரு பதிவேடு போடு" என்றார். ஓய்வு நேரத்தில் ஆய்வகக் கணினியில் நாடாக்களை ஏற்றிக்கொள்ளவும் இசைந்தார்.

இப்போது என்னிடம் இருப்பவை இருபத்திரண்டு பதிவுகள். பெரிய சேகரிப்பாளர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் என் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. எந்த ஊர், எந்த நாள், யார் தந்தது, எத்தனையாவது நகல், வேகம் சரியா, நான் ஏதேனும் மாற்றினேனா என்று எல்லாம் இருக்கும். விடை கிடைக்காத இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். முன்பெல்லாம் அந்தச் சொல்லை எழுத வெட்கப்படுவேன். ஏமாந்து வாங்கிய போலிப் பதிவுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று படிப்படியாக எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்புகிறேன். இன்னொரு மாணவனின் தேர்வுக் கட்டணம் தப்பட்டும்.

கிடைக்கும் எல்லாவற்றையும் சேர்க்கலாமா என்றால், கூடாது. 2015இல் டெலோரஸ் அம்மையார் மறைந்தார். 2019 நவம்பரில் மியூசோனியா பள்ளியின் பூட்டை உடைத்து, ராண்டியின் பொருள்கள் பலவற்றைத் திருடர்கள் கொண்டு போனார்கள். சில மீண்டன. அரிய பொருள்மேல் கொண்ட ஆசைக்கு எல்லை இல்லையென்றால் அது அங்கேதான் போய் முடியும் என்பதை எனக்கு நானே நினைவூட்டிக்கொள்ள, அந்தச் செய்தியைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

2021இல் ராக் இசைக் கலைஞர்களுக்கான புகழ் மன்றம் ராண்டியைச் சிறப்பித்தது. அவர் விரும்பிய பட்டம் அதுவல்ல என்றாலும், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

சென்ற மாதம் ஓர் இரவு, அப்பா திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தபோது, அந்தக் கடைசிப் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் வாசிக்கிறான். தப்பு வந்த எடத்தையும் ஏன் வச்சிருக்காங்க?" என்றார்.

"அழிச்சிருந்தா, எவ்வளவு பாடுபட்டான்னு நமக்குத் தெரியாமப் போயிருக்கும்ப்பா."

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "திருப்பிப் போடு" என்றார்.

என்ன காணப் போகிறாய் என்று கேட்ட நண்பர்களே, நான் கண்டது இவ்வளவுதான். உங்களிடமும் அழித்து எழுதிய ஒரு பக்கம் இருக்கலாம். முடிந்தால் அந்தச் சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள். நான் செய்தேன். இந்த முறை 9.6 வந்தது. அப்படியே எழுதியிருக்கிறேன்.